வீட்டிலும் திறக்க வேண்டிய அலுவலக மடிக்கணினி

புதிய மடிக்கணினியை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன், அவரையே அழைத்து, அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும்போதே ஒருமுறை அவருடைய கணக்கில் உள்நுழையச் சொல்வது என் வழக்கம். டொமைனில், அதாவது பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அலுவலகக் கணினிக் குழுவில், இணைந்த விண்டோஸ் கணினி, கடவுச்சொல்லைச் சரிபார்க்க அந்தக் கணக்குகளை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைத் தேடும். வீட்டில் அது எட்டாது என்பதால், முன்பு உள்நுழைந்தவர்களின் சரிபார்ப்புத் தகவலைத் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்கிறது. அமைப்பை மாற்றாவிட்டால், கடைசியாக நுழைந்த 10 பயனர்கள் வரை அதில் இடம்பெறுவார்கள்.

ஒருமுறை என் கணக்கில் மட்டும் சோதித்துவிட்டுக் கொடுத்த கணினி, வீட்டில் அதன் உரியவரை உள்ளேயே விடவில்லை. அவருடைய ஒரு நாள் வேலை வீணானது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இதைவிடக் குழப்பமானது, கடவுச்சொல்லை வேறொரு கணினியிலிருந்து மாற்றிய பிறகு வருவது. வீட்டிலிருக்கும் மடிக்கணினிக்கு அந்த மாற்றம் தெரியாது. அது பழையதையே கேட்கும். அப்போது பழைய கடவுச்சொல்லில் நுழைந்து, இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குடன் பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். இணைப்பை ஏற்படுத்தி, விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டி, புதிய கடவுச்சொல்லில் திறந்தால், சேமிப்பிலுள்ள தகவலும் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

உள்நுழைவதற்கு முன்பே இணையும் வகை வி.பி.என். கிடைக்குமானால், நான் தயங்காமல் அதையே பரிந்துரைப்பேன். கணினியின் கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். டொமைனில் பயனரைச் சரிபார்க்கும் முறையான கெர்பரோஸ், கணினியின் கடிகாரத்துக்கும் டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரத்துக்கும் இடையே பொதுவாக 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் ஏற்பதில்லை.