"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்"

கவுன்சலிங்குக்கு வருகிறவர் வாய் திறக்கவில்லை, சொன்ன பயிற்சியைச் செய்யவில்லை, இரண்டு வாரம் வராமல் இருந்துவிட்டார் என்றால் "மாற விருப்பமில்லாதவர்" என்று குறித்துவைக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் போகவில்லை. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அவர் எதையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், அது என்ன என்று நாம் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது புதுக் கருத்தும் இல்லை. வியன்னாவில், உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய ஃபிராய்ட், ஹிப்னாஸிஸைக் கைவிட்ட காலத்தில், நோயாளியின் நெற்றியைக் கையால் அழுத்தி "இப்போது மனதில் வருவதைச் சொல்லுங்கள்" என்று கேட்பார். ஒன்றும் வரவில்லை என்பார்கள். விடாமல் கேட்டால், முதலிலேயே வந்தது, சொல்லத்தான் இல்லை என்பார்கள். அப்படி வெளியே வந்தவை எல்லாம் வெட்கமும் குற்ற உணர்வும் வலியும் தருகிற நினைவுகள். அவற்றை மனதிலிருந்து ஒதுக்கிய விசைதான் திரும்ப வரவிடாமலும் தடுக்கிறது என்று 1895ல் சக மருத்துவர் பிராயருடன் சேர்ந்து வெளியிட்ட நூலிலேயே எழுதிவிட்டார்.

குடிப்பழக்கத்துக்காக வீட்டார் அழைத்துவருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். "எல்லாரும் குடிக்கிற அளவுதான் சார்" என்பார். "ஆமாம், எனக்குப் பிரச்சினை இருக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவி முன்னாலும் மாமனார் முன்னாலும் மிச்சமிருக்கிற மரியாதையும் போய்விடும், ராத்திரி தூங்குவதற்குத் தெரிந்த ஒரே வழியும் போய்விடும். இந்த நிலையில் கல்லீரல் ரிப்போர்ட்டை எடுத்து முகத்துக்கு நேரே படித்தால் அவர் இன்னும் உறுதியாக மறுக்கத்தான் செய்வார். 1985ல் பேட்டர்சன், ஃபோர்கேட்ச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், அடங்காத குழந்தைகளின் தாய்மார்களோடு நடந்த சிகிச்சை அமர்வுகளை ஆராய்ந்தபோது, சிகிச்சையாளர் பாடம் எடுக்கும்போதும் எதிர்த்துக் கேட்கும்போதும் தாய்மார்களின் எதிர்ப்பு ஏறியது, ஆதரவாகப் பேசும்போது இறங்கியது. 1993ல் உளவியலாளர் மில்லரின் குழுவினர் குடிப்பவர்களிடம் செய்த ஆய்விலும், சிகிச்சையாளர் எவ்வளவுக்கு மோதினாரோ அவ்வளவுக்கு ஒரு வருடம் கழித்தும் அதிகம் குடித்தார்கள். அதாவது அந்த எதிர்ப்பில் பாதி நம்முடைய தயாரிப்பு.

அதனால் நான் ரகசியத்தை விட்டுவிட்டுப் பயத்தைக் கேட்கிறேன். "அதைச் சொல்ல வேண்டாம். சொன்னா என்ன ஆயிடும்னு தோணுது, அதை மட்டும் சொல்லுங்க." பதில் பெரும்பாலும் மிகச் சாதாரணமாக இருக்கும்: "எங்க அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?" நம் ஊரில் வீட்டாரே அழைத்துவந்து, வீட்டாரே ஃபீஸ் கட்டி, வாசலிலேயே "என்ன சொன்னான்?" என்று கேட்கும்போது இது நியாயமான பயம். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே தந்திருக்கிறது, அதை முதல் நாளே, அழைத்துவந்தவர்களையும் உட்காரவைத்து, அதன் விதிவிலக்குகளோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அப்புறம், சில சமயம் வராததற்குக் காரணம் பஸ் காசும் ஷிஃப்டும்தான், அதிலும் ஆழ்மனதைத் தேடக் கூடாது.

ஒன்றில் மட்டும் காத்திருக்க மாட்டேன். தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்று தோன்றினால், எவ்வளவு மூடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே நேரடியாகக் கேட்டுவிடுவேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.