பிங் போகிறது, இணைப்பைக் காணவில்லை

மூன்று பழைய கணினிகள், மூன்றிலும் லினக்ஸும், கணினியையே சுவிட்சாக (வயர்களுக்கிடையே தரவுப் பொதிகளைக் கடத்தும் கருவியாக) மாற்றும் ஓப்பன் வி-சுவிட்ச் மென்பொருளும். நான்காவதில், எந்தப் பொதி எங்கே போக வேண்டும் என்று அந்தச் சுவிட்சுகளுக்கு விதி எழுதும் ரியூ கொன்ட்ரோலர். திருகோணமலையில் நான் வேலை பார்க்கும் சிறிய பயிற்சி நிலையத்தில், மென்பொருளால் ஆளப்படும் வலையமைப்பைப் பிள்ளைகளுக்குக் கண்முன் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இது. (பாடப்புத்தகம் சுவிட்சை ஆளி என்கிறது. நல்ல சொல்தான். ஆனால் ஆளி என்றதும் பிள்ளைகள் மின்விசிறிப் பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.)

முதல் இரண்டு சுவிட்சுகள் என் மேசையில், மூன்றாவது பக்கத்து அறையில். எது எதோடு இணைந்திருக்கிறது என்ற படத்தைக் கொன்ட்ரோலரிடம் கேட்டால் ஒன்றும் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. மூன்றாவது அனாதையாக நிற்கிறது. ஆனால் முதலாவதில் கோத்த கணினியிலிருந்து மூன்றாவதில் கோத்த கணினிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதி) போகிறது, ஒரு பொதிகூடத் தவறாமல்.

“அண்ணா, பிங் போகிறதென்றால் வயர் சரிதானே?” என்றான் என்னோடு வேலை செய்யும் மூதூர்த் தம்பி. அந்த நியாயமான கேள்விதான் எங்களை ஒன்றரை நாள் தவறான பக்கம் அலைய விட்டது. வயரைச் சந்தேகிக்காமல் ரியூவை அழித்து மறுபடி நிறுவினேன். இணைப்புகளைக் கவனிக்கச் சொல்லும் தெரிவைக் கொடுத்தேனா என்று பத்துத் தடவை பார்த்தேன். கொடுத்துத்தான் இருந்தேன்.

கொன்ட்ரோலர் இணைப்பைக் கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது. ஒவ்வொரு சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் ஓர் எல்எல்டிபி பொதியை, அதாவது பக்கத்துக் கருவிக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் பொதியை, வெளியே விடச் சொல்லும். இன்ன சுவிட்ச், இன்ன போர்ட் என்று அதற்குள் எழுதியிருக்கும். மறுமுனைச் சுவிட்ச் அதைப் பெற்றதும் கொன்ட்ரோலரிடம் ஒப்படைக்கும். விட்டவர் யார், பெற்றவர் யார் என்று சேர்த்துப் பார்த்தால் ஒரு திசைக்கான இணைப்பு தெரிந்துவிடும். எதிர்த்திசைக்கு இன்னொரு பொதி.

இரண்டாவது நாள் மாலை, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். இரண்டாம் சுவிட்ச் வெளியே விடும் போர்ட்டிலும் மூன்றாவது உள்ளே வாங்கும் போர்ட்டிலும் கடந்துபோகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்பை ஓடவிட்டோம். இந்தப் பக்கம் ஏறத்தாழ விநாடிக்கு ஒன்றாக எல்எல்டிபி புறப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பிங் வந்தது, எல்எல்டிபி ஒன்றுகூட வரவில்லை. தம்பி சுவரோரமாக வயரைத் தடவிக்கொண்டே போனான். அலுமாரிக்குப் பின்னாலிருந்து அவன் சிரிப்பு கேட்டது. தூசி மூடிய சாதாரண எட்டுப் போர்ட் சுவிட்ச் ஒன்று, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, வயருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. வயர் எட்டவில்லை என்று எப்போதோ நான்தான் வைத்தேன்.

எல்எல்டிபி பொதி போய்ச் சேர வேண்டிய முகவரி 01:80 என்று தொடங்கும் ஒதுக்கப்பட்ட முகவரி. அது அடுத்த வீட்டாரோடு மட்டும் பேசுவதற்கானது. நடுவில் நிற்கும் சுவிட்ச் தரநிலைப்படி நடந்தால் அதை அப்பால் கடத்தாது. சில மலிவுச் சுவிட்சுகள் கடத்திவிடும். எங்களுடையது ஒழுக்கமானது. ரியூவுக்குப் பதில் ஓனோஸ் என்ற கொன்ட்ரோலர் இருந்திருந்தால் எல்எல்டிபியோடு எல்லோருக்கும் போகும் ஒலிபரப்புப் பொதியையும் விட்டு, இடையில் இப்படியொன்று இருப்பதையும் தாண்டி இணைப்பைப் பார்த்திருக்கும். அதற்காகக் கொன்ட்ரோலரை மாற்ற எனக்கு மனமில்லை. நீள வயர் ஒன்றை நேரே இழுத்து முனைகளைப் புதிதாக அடித்தோம். உப்புக்காற்றில் பழைய முனைகள் பச்சை பூத்திருந்தன. படத்தில் மூன்றும் சேர்ந்தன.

அடுத்தது வீலான், அதாவது ஒரே வலையமைப்பை எண் கொடுத்துத் தனித்தனியாகப் பிரிப்பது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் வேறு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது. எனக்குத்தான் விளங்காமல் போனது. ஓப்பன் வி-சுவிட்சின் போர்ட்டுகளுக்கு 10, 20 என்று எண் கொடுத்தேன். கட்டளை ஏற்கப்பட்டது, பட்டியலிலும் எண் அழகாகத் தெரிந்தது. 10இலிருந்து 20க்குப் பிங் தாராளமாகப் போனது. காரணம், அந்த எண் சுவிட்ச் தன் வழமையான முறையில் பொதிகளைக் கடத்தும்போது மட்டுமே செல்லுபடியாகும். கொன்ட்ரோலரின் விதி “இந்தப் போர்ட்டில் வெளியே விடு” என்று நேரே சொல்லிவிட்டால் அதை யாரும் பார்ப்பதில்லை. பிழைச் செய்தியும் வராது. இந்த மௌனம்தான் எனக்கு எரிச்சல். பழைய சுவிட்சுகள் ஏதாவது முணுமுணுக்கவாவது செய்யும்.

ஆகவே வீலானை விதிக்குள்ளேயே எழுதினேன். உள்ளே வரும் இடத்தில் வீலான் பொதி என்று காட்டும் 8100 வகை அடையாளத்தை ஒட்டு, எண்ணை வை, கடைசிப் போர்ட்டில் உரித்து விடு. எண் 10 என்று எழுதிய விதி ஒரு பொதியையும் பிடிக்கவில்லை. கொன்ட்ரோலரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் மொழியான ஓப்பன்ஃப்ளோ 1.3இல், அடையாளம் இருக்கிறது என்பதைக் குறிக்கும் பிட்டையும் சேர்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். அந்தப் பிட்டின் மதிப்பான 4096உம் 10உம் சேர்ந்து 4106.

திருத்திய விதிகளை ஏற்றும் அவசரத்தில் பழைய விதிகளை மொத்தமாக அழித்துவிட்டேன். படத்திலிருந்த இணைப்புகள் அனைத்தும் மறைந்தன. எல்எல்டிபியைக் கொன்ட்ரோலரிடம் அனுப்பச் சொல்லும் விதியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. சுவிட்ச் வந்து இணையும்போதுதான் ரியூ அதை எழுதுகிறது. சுவிட்சுகளைத் துண்டித்து மீண்டும் இணைத்தேன். இணைப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பிறகு என் விதிகளை மட்டும் ஏற்றினேன்.

10க்குள் பிங் போனது. விதிப் பட்டியலில் 4106 இருந்த வரியின் பொதிக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் தம்பி 10இலிருந்து 20க்கு முயன்று பார்த்தான்.

“அண்ணா, நூறு வீதம் இழப்பு!” என்று கத்தினான், சந்தோஷமாக.