முப்பது உயிர்

8 டிசம்பர் 2024, ஞாயிறு, கடலூர்

தண்ணீர் வடிந்து நான்கு நாள் ஆகிறது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அதன் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணை ஏறி வந்தது. கூடத்தில் முழங்கால் அளவு நின்றது.

இன்று வெயில் அடித்ததால் அம்மாவின் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் கொட்டினோம். கல்யாணப் பத்திரிகைகள், அப்பாவின் கைலி இரண்டு, ஒரு பித்தளைச் சொம்பு. எல்லாவற்றுக்கும் அடியில், சேற்றோடு சேறாக எங்கள் வீடியோ கேம். மஞ்சள் கேசட்டின் மேல் '9999 இன் 1' என்ற எழுத்து இன்னும் தெரிந்தது. அதில் இருந்தது முப்பது நாற்பது ஆட்டங்கள்தான், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில்.

"குப்பையில போட்ருங்க தம்பி, நாத்தம் வருது" என்றார் அண்ணி.

"பெரியவன் பத்திரமா வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான்" என்றார் அம்மா. அண்ணன் மஸ்கட் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது.

கேசட்டைக் குழாயில் காட்டிக் கழுவும்போது நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஞாபகம் வந்தது. 1982-ல் 'ஈ.டி.' படம் வந்ததும் அடாரி என்ற வீடியோ கேம் கம்பெனி கிறிஸ்துமஸுக்குள் அதை வைத்து ஆட்டம் வேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவரிடம் கொடுத்தது. கிடைத்த நேரம் ஐந்து வாரம். தனி ஆளாக எழுதி முடித்தார். கேசட்டுகள் தேங்கிப்போய், 1983-ல் அந்த ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தார்கள். அது வெறும் கட்டுக்கதை என்று முப்பது வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது கேசட்டுகள் வெளியே வந்தன. வார்ஷாவும் அங்கே நின்றிருந்தார். அதில் ஒன்று இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கள் கேசட்டைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.

11 டிசம்பர், புதன்

திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனேன். திருகைக் கழற்றி, போர்டை ஐபிஏ (துடைக்கும் ஆல்கஹால்) ஊற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். கேசட்டின் அடியில் அறுபது பின், அதாவது பெட்டியைத் தொடும் உலோகப் பட்டைகள். ஒவ்வொன்றையும் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்தோம். சின்ன வயதில் கேசட்டை ஊதி ஊதிப் போடுவோமே, அந்த எச்சில் ஈரம்தான் பின்களை அரித்திருக்கிறது என்று காட்டினான். இனி ஊதுவதில்லை.

அந்த அறுபது பின்னுக்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் 1983 ஜூலையில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டிக்கு அறுபது பின். அமெரிக்காவுக்குப் போன பெட்டிக்கு எழுபத்திரண்டு. நம்மூருக்கு வந்தவை ஜப்பான் பெட்டியின் நகல்கள். நின்டெண்டோ என்ற பெயரே தெரியாமல் ஒரு தலைமுறை அதன் ஆட்டங்களை ஆடி வளர்ந்தோம்.

அடாப்டர் செத்துவிட்டது.

15 டிசம்பர், ஞாயிறு, பாண்டி

அடாப்டர் தேடி சண்டே மார்க்கெட் வந்தேன். காந்தி வீதி முழுக்க நடந்து, பழைய சார்ஜர்களைக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் 9 வோல்ட் அடாப்டர் கிடைத்தது. மதியம் முதலியார்பேட்டையில் அக்கா வீட்டில் சாப்பாடு.

தெருப் பசங்க பொங்கலுக்கு வினாடி வினா நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடம் வீடியோ கேமும் அதோடு ஒட்டிய சினிமாவும் மட்டும் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் மகள் பாப்பா ஏற்கெனவே நோட்டில் நாற்பது கேள்வி எழுதிவிட்டாள்: யார் உருவாக்கினார், எந்த வருடம், எத்தனை விற்றது. அவையெல்லாம் பரீட்சைக் கேள்விகள். எனக்கு வேண்டியது வேறு. பதில் தெரிந்தவுடன் வீட்டுக்குப் போய் அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்க வேண்டும்.

அக்கா பையன் அப்படி ஒன்று சொன்னான். "மாமா, ஜிடிஏ வைஸ் சிட்டி கேம்ல பீச் ரோட்டு அபார்ட்மென்ட் ஒண்ணுக்குள்ள போனா பாத்ரூம் ஃபுல்லா ரத்தம், ஒரு ரம்பம் கெடக்கும். ஏன்னு தெரியுமா?" 1983-ல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் அப்படியொரு குளியலறைக் காட்சி வருகிறது. ஆட்டத்தின் பெரிய மாளிகையும் அந்தப் பட வீட்டின் சாயல்தான். ஆட்டத்தின் நாயகன் டாமி வெர்செட்டிக்குக் குரல் கொடுத்தவர் 'குட்ஃபெல்லாஸ்' படத்தின் நாயகன் ரே லியோட்டா. நான் இருபது வருடமாக பீரங்கி வண்டி வரவழைக்கும் 'பேன்சர்' என்ற ரகசியச் சொல்லை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன். அந்தக் கதவுக்குள் நுழைந்ததே இல்லை.

19 டிசம்பர், வியாழன்

ஓடுகிறது! மஞ்சள் வயரை டிவியில் செருகியதும் படம் ஒருமுறை ஆடிவிட்டு நின்றது. பட்டியல் வந்தது. முதல் பெயர் கான்ட்ரா.

நீலக் கால்சட்டை அண்ணன், சிவப்பு நான். எப்போதும் அப்படித்தான். மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் அண்ணன் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவான். திரை அவனோடு மேலே போகும். கீழே மாட்டிய நான் சாவேன். "இருடா, வர்றேன்டா" என்று நான் கத்துவது தெருவுக்கே கேட்கும்.

இந்த ஆட்டம் 1987-ல் வந்தது. அதே வருடம்தான் 'பிரிடேட்டர்' படமும். கான்ட்ராவின் அட்டையில் துப்பாக்கியோடு நிற்பவனைப் பார்த்தால் அந்தப் படத்து ஷ்வார்ஸ்நேகரின் நிலை அப்படியே இருக்கும். கடைசி ஸ்டேஜில் சதையும் பல்லுமாக வருகிற ஜந்துக்கள் 'ஏலியன்' படத்தை நினைவூட்டும். வீரர்களின் பெயர் பில் ரைசர், லான்ஸ் பீன். பில் பாக்ஸ்டன், பால் ரைசர், லான்ஸ் ஹென்ரிக்சன், மைக்கேல் பீன் ஆகிய நால்வரும் 1986-ல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தின் நடிகர்கள். பெயர்களை அருகருகே எழுதிப் பார்த்தால் போதும்.

மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. அண்ணன் இந்தப் பட்டன் வரிசையை வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேர் ஆடினால் ஸ்டார்ட்டுக்கு முன்னால் செலக்ட். மூன்று உயிருக்குப் பதில் முப்பது. 'கொனாமி கோட்' எனப்படும் இந்த ரகசிய வரிசை முதலில் வந்தது கான்ட்ராவில் இல்லை, 1986-ல் ஃபேமிகாமுக்கு வந்த 'கிரேடியஸ்' ஆட்டத்தில். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோவுக்குத் தான் ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்த ஆட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதே கஷ்டமாக இருந்ததாம். தனக்காக ஒரு குறுக்குவழி வைத்தார், வெளியிடும்போது அது உள்ளேயே தங்கிவிட்டது. அவர் 2020-ல் காலமானார். அன்றைக்கு அண்ணன் மஸ்கட்டிலிருந்து அந்தப் பத்துச் சொல்லை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தான்.

22 டிசம்பர், ஞாயிறு

இரண்டு கேள்விகள் உறுதி.

ஒன்று: மரியோ பிறந்தது பாப்பாயால். 1981-ல் நின்டெண்டோவின் மியாமோட்டோ பாப்பாய் கார்ட்டூனை வைத்து ஆட்டம் செய்ய நினைத்தார். உரிமை கிடைக்கவில்லை. பாப்பாயும் அவன் எதிரி ப்ளூட்டோவும் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு தச்சனும் ஒரு குரங்கும் வந்தார்கள். அந்தத் தச்சன்தான் மரியோ. அந்த ஆட்டம்தான் 'டாங்கி காங்'. உடனே யுனிவர்சல் ஸ்டூடியோ, எங்கள் கிங் காங்கைத் திருடிவிட்டீர்கள் என்று 1982-ல் வழக்குப் போட்டது. ஆனால் சில வருடங்களுக்கு முன் இன்னொரு வழக்கில், கிங் காங் கதை எல்லோருக்கும் பொதுவானது என்று வாதாடி ஜெயித்ததே யுனிவர்சல்தான். நின்டெண்டோவின் வக்கீல் ஜான் கிர்பி அதை எடுத்து வைத்தார். வழக்கு தோற்றது. பின்னாளில் வந்த உருண்டை ரோஜா நிற ஆட்ட நாயகனுக்குக் கிர்பி என்ற பெயர் வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

இரண்டு: 'மார்ட்டல் காம்பாட்' முதலில் சண்டைப்பட நடிகர் வான் டாமை நாயகனாக வைத்துச் செய்ய நினைத்த ஆட்டம். அது கைகூடவில்லை. அவர் சாயலில் ஜானி கேஜ் என்ற சினிமா நடிகன் பாத்திரம் வந்தது. வான் டாம் போய் நடித்ததோ போட்டி ஆட்டமான 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்தில்! 1994 டிசம்பரில் வந்த அந்தப் படத்தை எல்லோரும் கழுவி ஊற்றினார்கள். நான் சேரமாட்டேன். வில்லன் பைசனாக நடித்த ராவுல் ஜூலியா உடம்புக்கு முடியாத நிலையில், தன் பிள்ளைகளுக்காக ஒப்புக்கொண்ட வேஷம் அது. படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்துபோனார். ஒவ்வொரு வரியையும் அரசவை நாடகம் போல அடிவயிற்றிலிருந்து பேசுகிறார். அவருக்காகவே மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

29 டிசம்பர், ஞாயிறு

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கினேன்.

1996-ல் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் கற்றுக்கொள்ளப் போனோம், அண்ணனும் நானும். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் ஆட விடுவார்கள். அந்த இளவரசன் ஓடிவந்து நிற்கும்போது கால் கொஞ்சம் சறுக்கி, உடம்பு முன்னால் போய்த் திரும்பும். மரியோ அப்படி நிற்கமாட்டான், கான்ட்ரா ஆளும் நிற்கமாட்டான். அதை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஓடுவது நிஜமான பையன். ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் 1985-ல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, வண்டி நிறுத்தும் இடத்தில் ஓடவும் குதிக்கவும் தொங்கவும் வைத்து வீடியோ எடுத்தார். ஒவ்வொரு அசைவாக நிறுத்தி, அதன் மேல் வரைந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். வாள் சண்டை தம்பிக்குத் தெரியாதே? 1938-ல் வந்த 'ராபின் ஹூட்' படத்தில் எரோல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் நின்று மோதும் சில நொடிகளை எடுத்துக்கொண்டார். இசை? அவர் அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர் போட்டது. ஒரே வீட்டு ஆட்கள்.

பாப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டும் டாஸ்பாக்ஸை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சித்தப்பா, இது யாரோட தம்பியோ ஓடுறான்ல" என்றாள். ஆணிக்குழியில் விழுந்தபோது நிஜமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வேண்டிய கேள்வி இந்த மாதிரிதான்.

இதைவிடப் பெரியது நிழல் மனிதன். மெக்னர் ஆட்டத்தை எழுதிய ஆப்பிள் டூ கம்ப்யூட்டரின் நினைவகம் இளவரசனின் அசைவுகளாலேயே நிரம்பிவிட்டது. எதிரிக்கு இடமில்லை. சண்டை இல்லாமல் ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்று கூட இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இளவரசனின் அதே படங்களைக் கொஞ்சம் நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார் மெக்னர். மினுங்குகிற நிழல் உருவம் ஒன்று வந்தது. தனி இடமே கேட்காத எதிரி! நாலாம் லெவலில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும்போது அது பிறக்கிறது. அஞ்சில் நம் மருந்தைக் குடித்துவிடுகிறது. ஆறில் கதவை மூடி நம்மைக் கீழே தள்ளுகிறது. பன்னிரண்டில் வாளோடு எதிரே நிற்கிறது. அங்கே அதைக் குத்தினால் நம் உயிர்தான் குறையும்.

எப்படித் தாண்டுவது என்று பாப்பாவுக்குச் சொல்லவில்லை.

4 ஜனவரி 2025, சனி

மெக்னரும் நாட்குறிப்பு எழுதியவர். 1985 முதல் 1993 வரை எழுதியது புத்தகமாகவே வந்திருக்கிறது. விடிய விடிய உட்கார்ந்து, இது தேறாது என்று சோர்ந்து, சினிமாவுக்குக் கதை எழுதப் போகிறேன் என்று பாதியில் விட்டு, திரும்பி வந்து முடித்தது எல்லாம் அதில் உண்டு. 1989-ல் ஆட்டம் வந்தது. சினிமா ஆசையும் 2010-ல் நிறைவேறியது, அதே இளவரசனை வைத்து. படம் பார்க்கலாம், ஆனால் அந்தக் கால் சறுக்கல் அதில் இல்லை.

ஆட்டத்தின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். 2012-ல் அவர் அப்பா வீட்டில் கிடந்த ஒரு பெட்டியை அனுப்பிவைத்தார். உள்ளே பழைய ஃப்ளாப்பிகள். காந்தப் பூச்சு உதிர்வதற்குள் நிபுணர்கள் படித்தெடுத்து எல்லோருக்கும் பொதுவில் போட்டார்கள். படித்து முடித்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்த அப்பாவுக்கு அது என்னன்னு தெரிஞ்சா வெச்சிருந்தாரு? புள்ளையோடதுன்னு வெச்சிருப்பாரு" என்றார்.

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

வினாடி வினா முடிந்தது. பிள்ளையார் கோயில் பந்தலில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். டாங்கி காங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வைஸ் சிட்டி குளியலறைக்குப் பின்வரிசையே எழுந்து நின்றது. 'கொனாமி கோட்' வரிசையைச் சொல்லச் சொன்னபோது, கறவை மாட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்து ஓரமாக நின்ற பால்காரர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவரும் நானும் ஒரே வயது. எந்த வாடகைக் கடையில் ஆடினார் என்று கேட்டுக்கொண்டேன்.

நிழலைத் தாண்டுவது எப்படி என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை. "சொல்லமாட்டேன், ஆடிப் பாருங்க" என்றேன். பசங்க விடவில்லை, போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்கள்.

18 ஜனவரி, சனி, ஆத்துத் திருவிழா

தென்பெண்ணையில் ஜனக் கூட்டம். டிசம்பரில் வீட்டுக்குள் வந்த ஆறு, மணல் திட்டும் வாய்க்காலுமாகக் கிடக்கிறது. சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன. சுருளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பினோம்.

அண்ணன் வீடியோ காலில் வந்தான். பாப்பா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்து, லெவல் தாண்டிப் பன்னிரண்டுக்கு வந்திருக்கிறாள். நிழல் எதிரே நின்றது. குத்தக் குத்த அவள் உயிரும் போனது. மூன்று முறை அப்படியே ஆனது. நாலாம் முறை அவள் குத்தவில்லை. விரலை வைத்தபடி யோசித்தாள். கீழ் அம்பை அழுத்தினாள். இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. இருவரும் நடந்து வந்து ஒன்றாகிவிட்டார்கள்.

"சித்தப்பா! சித்தப்பா!"

அடுத்தது பெரிய பள்ளம், கீழே ஒன்றுமில்லை. "வழியே இல்லையே" என்று என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. போனிலிருந்து அண்ணன்தான் கத்தினான்: "ஓடு பாப்பா, நீ ஓடுனா தரை வரும்!"

ஓடினாள். கல் கல்லாக வந்தது.

அண்ணி கிழங்கை வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். அண்ணன், கான்ட்ரா கேசட்டைக் கேமரா முன்னால் காட்டச் சொன்னான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.