தாழ்வாரத் தொட்டிகளும் மே மாத வெயிலும்

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக எதுவும் இல்லை என்பார்கள். மேற்கு வெயில் நேரே விழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் செடி வளர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983ஆம் ஆண்டின் உச்சத்தை எட்டியதே, அந்த மாதிரி வெயில். வெளியே மழை கொட்டினாலும் மேல்தளம் மறைப்பதால் தொட்டிகளுக்குச் சாரல்கூட எட்டுவதில்லை.

காலையும் மாலையும் ஊற்று என்பது அம்மாவின் சட்டம். இந்த முறை வேளைக் கணக்கை விட்டுவிட்டு, ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

கறிவேப்பிலைத் தொட்டியில் பூவாளியைச் சாய்த்ததும் நீர் மண்மேல் முத்து முத்தாக நின்றது. பிறகு ஓரமாக ஓடி, அடித்துளை வழியே தட்டில் இறங்கியது. தட்டு நிரம்பிவிட்டது, குச்சியால் கிளறினால் உள்ளே மண் மாவாக உதிர்கிறது. பையில் வாங்கும் மண்கலவையில் பெரும்பாலும் பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய தாவரப் பொருள்) இருக்கும். அது முழுக்கக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காது. சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகியும் விடும். அந்த இடுக்கில்தான் தண்ணீர் எல்லாம் ஓடிப்போகிறது.

தொட்டியை அப்படியே வாளி நீரில் இறக்கி வைத்தேன். குமிழிகள் வெகுநேரம் வந்துகொண்டிருந்தன. அடங்கிய பின் தூக்கினால் கை இறங்குகிறது. அந்தக் கனம்தான் இப்போது என் அளவுகோல். தினமும் காலையில் தொட்டியைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கிறேன். இலேசாக இருந்தால் மேல்மண்ணைக் கிளறி, கொஞ்சம் ஊற்றி, அது இறங்கியதும் மறுபடி ஊற்றுகிறேன். கனமாக இருந்தால் தொடுவதில்லை. ரம்பைக்கும் துளசிக்கும் ஒரே நாளில் தாகம் எடுப்பதே இல்லை.

மண்ணைக் கிளறுவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. டெங்கித் தடுப்புக்குத் தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லும் வேலைகளில் இறுகிய மண்ணைக் கிளறிவிடுவதும் ஒன்று, மேலே நீர் தேங்கக்கூடாது என்பதற்காக. தட்டில் நிற்கும் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நான் தட்டுகளையே எடுத்துவிட்டேன். தரை கொஞ்சம் நனைகிறது, துடைத்துவிடுகிறேன்.

மதியம் மிளகாய்ச் செடி துவண்டால் இப்போது பதறுவதில்லை. மண்ணில் ஈரம் இருந்தால் வெயில் தணிந்ததும் தானாக நிமிர்ந்துவிடுகிறது. விடிந்த பிறகும் துவண்டிருந்தால்தான் வாளியை எடுக்கிறேன்.

மல்லிகையை மண்தொட்டிக்கு மாற்று என்கிறார் அம்மா. மண்தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாவதால் வேருக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அதனாலேயே சீக்கிரம் காய்ந்தும் போகும். இந்த வெயிலில் வேண்டாம். வருட இறுதி மழை தொடங்கட்டும், மாற்றிப் பார்க்கலாம்.