சேர்வராயன் மலையில் ஓரியன்டீரிங்: பாதையை விடுங்கள், காண்டூரைப் பிடியுங்கள்

நாலு கிலோமீட்டருக்கு எண்ணூறு ரூபாய்! ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து ஓரியன்டீரிங் போட்டி நடக்கும் காப்பி எஸ்டேட் கேட் வரைக்கும் போக ஒரு ஜீப் டிரைவர் கேட்ட தொகை இது. சேலத்திலிருந்து மலை ஏற அரசு பஸ்ஸில் ஐம்பது ரூபாய்க்குள் முடிகிறது. கடைசி நாலு கிலோமீட்டருக்கு அதைப்போல பதினாறு மடங்கு என்றால் எரிச்சல் வராமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் பையோடு நிற்கிற ஆளைப் பார்த்தாலே ரேட் ஏறிவிடுகிறது. முந்தைய நாளே போட்டி நடத்துபவர்களுக்கு போன் போட்டு வேறு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரே ஜீப் பேசுங்கள். போக, வர, காத்திருக்க எல்லாவற்றையும் சேர்த்து ஏறும் முன்பே ஒரே தொகையாகப் பேசி முடியுங்கள். ஆள் சேரவில்லையா, நடந்துவிடுங்கள். ஐம்பது நிமிஷ நடைதான், உடம்பும் சூடாகிவிடும்.

செலவு, சாமான், ஓட்டம், சாப்பாடு என்ற வரிசையில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். மேப்பில் ஊதா முக்கோணம் ஸ்டார்ட், ஒற்றை வட்டங்கள் கன்ட்ரோல், இரட்டை வட்டம் ஃபினிஷ். ஒவ்வொரு கன்ட்ரோலிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாக 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துணிக்கொடி தொங்கும். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டு, பஞ்ச் செய்து (வந்துபோனதைப் பதிவு செய்து), ஃபினிஷுக்கு வர வேண்டும். நடுவில் எந்த வழியில் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு. முதல் பொதுப் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில் ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் நடந்தது. வட ஐரோப்பியக் காட்டில் வளர்ந்த விளையாட்டு இது. அங்கே எழுதின பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காப்பி எஸ்டேட்டில் ஓடினால் மூன்று இடத்தில் அடிவாங்குவோம்: காம்பஸ், பாதை, பனிமூட்டம்.

காம்பஸை முதலில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது அங்கேதான். பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே அதுதான். ஐரோப்பாவில் காந்த ஊசியின் வடமுனை நன்றாகக் கீழே சாயும். அதைச் சமன் செய்ய ஊசியின் தென்முனையில் கொஞ்சம் எடை வைத்து விற்பார்கள். அந்தக் காம்பஸை வெளிநாட்டிலிருந்து யாரையாவது வாங்கி வரச் சொல்லிச் சேலத்தில் பிடித்துப் பாருங்கள். இங்கே சாய்வு ரொம்பக் குறைவு என்பதால் அந்த எடை தென்முனையைக் கீழே இழுக்கும், ஊசி கூட்டின் மூடியில் உரசி நிற்கும். ஓடும்போது நின்ற ஊசி பொய் சொல்கிறது என்பதே தெரியாது. வாங்கும்போது பூமத்திய ரேகைப் பகுதிக்கான ஊசியா, இல்லை எல்லா இடத்துக்கும் பொதுவான குளோபல் ஊசியா என்று கேட்டு வாங்குங்கள். மலிவுக் காம்பஸ் என்றால் காலையில் சூரியனைப் பார்த்து ஒரு தரம் சரிபாருங்கள். போன் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே கிடந்து வடக்கு தெற்கு மாறிப்போன ஊசிகள் உண்டு. ஓடும்போதும் போனும் காம்பஸும் ஒரே கையில் வேண்டாம். கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று திசை பார்க்காதீர்கள், நாலு எட்டு தள்ளி வாருங்கள். சேலத்துக்குப் பக்கத்திலேயே கஞ்சமலையில் பயிற்சி வைக்கலாம் என்று நினைப்பவர்களும் யோசியுங்கள். அந்த மலையில் இருப்பது மேக்னடைட் இரும்புத்தாது, ஊசியை எங்கே இழுக்கும் என்று சொல்லவே முடியாது.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய 1200 மீட்டர் ஏறுகிறோம். மேப் படித்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தால் ஏழாவது வளைவிலேயே குமட்டும். அதற்குப் பதில் ஜன்னல் வழியே மலையைப் படியுங்கள். வண்டி வெளிப்பக்கம் திரும்பினால் மலையின் மூக்கு, உள்ளே திரும்பி ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் மடிப்பு. மேலே போய்ச் சேர்வதற்குள் காண்டூர் என்ற சம உயரக் கோடு எப்படி வளையும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

மேப் விஷயத்தில் நடத்துபவர்கள் மேலேயே ஒரு குறை. இது எஸ்டேட் அனுமதியோடு ஒரு சின்னக் குழு நடத்திய போட்டி, வசதிக்குறைவை மன்னிக்கலாம். ஆனால் மேப்பைக் காகிதத்துக்கு அடங்குகிற மாதிரி சுருக்கி பிரின்ட் எடுத்திருந்தார்கள். ஓரத்தில் 1:10000 என்று இருக்கிறது, கீழே இருக்கும் அளவுகோலில் 10 சென்டிமீட்டர் வர வேண்டிய ஒரு கிலோமீட்டர் 9.4 தான் வருகிறது. 300 மீட்டர் என்று கணக்குப் போட்டு ஓடினால் கொடி இன்னும் 19 மீட்டர் தள்ளி இருக்கும். காப்பிச் செடிக்கு நடுவில் 19 மீட்டர் என்பது கொடி கண்ணில் படுவதற்கும் படாததற்கும் உள்ள தூரம். பிரின்ட் போடும்போது 100 சதவீதம் என்று வையுங்கள், லேசர் பிரின்டரில் எடுங்கள். இங்க்ஜெட் மேப் ஐப்பசி மழையில் கால் மணி நேரத்தில் நீலமாகக் கரையும். ஓடுபவர்களும் மேப் கைக்கு வந்ததும் காம்பஸ் விளிம்பை அளவுகோல் மேல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது ஓட்டம். 5 கிலோமீட்டர், 12 கன்ட்ரோல், காண்டூர் இடைவெளி 5 மீட்டர். அருமையான நிலம்! மேலே சில்வர் ஓக், அதைச் சுற்றி மிளகுக்கொடி, கீழே ஆள் உயரக் காப்பிச் செடி, காய் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. மேப்பில் வெள்ளை என்றால் நன்றாக ஓடக்கூடிய மரக்காடு. இளம்பச்சையில் வேகம் 60 முதல் 80 சதவீதம், நடுப்பச்சையில் 20 முதல் 60, அடர்பச்சையில் அதற்கும் கீழே. உண்ணிச்செடிப் புதர் அடர்பச்சை. அதற்குள் குறுக்கே போகலாம் என்று நினைப்பவர் முழங்கையெல்லாம் கீறலோடுதான் வெளியே வருவார்.

1820களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில், இந்த மலையில் காப்பி வேர் பிடித்தது. இருநூறு வருஷமாக ஆட்கள் நடந்த சரிவு இது. பாதைக்குப் பஞ்சமே இல்லை, சிக்கலும் அதுதான். பறிப்புக் காலத்தில் பழம் பறிப்பவர்கள் நடக்க நடக்கப் புதுத் தடம் விழும், போன வருஷத் தடத்தைப் புல் மூடிவிடும். மேப் போட்ட மாதத்துக்கும் ஓடுகிற மாதத்துக்கும் நடுவே பாதி ஒற்றையடிப் பாதை மாறியிருக்கும். ஜீப் போகிற ரோட்டை மட்டும் நம்புங்கள். மற்றதெல்லாம் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துத்தான்.

மூன்றாவது கன்ட்ரோலில் பாதிப் பேர் தொலைந்தார்கள். இதை விரிவாகச் சொல்கிறேன், சேர்வராயன் சரிவு முழுக்க இதே தவறுதான் நடக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 350 மீட்டர். குறுக்கே மூன்று மடிப்பு, விரித்த விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாதிரி ஒன்றுபோல ஒன்று. கொடி மூன்றாவது மடிப்பின் தலையில், அதாவது மேல் முனையில். தொலைந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது மடிப்பில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏன் எல்லோரும் ஒரே இடத்தில்? மனசு தூரத்தை நிமிஷத்தில் அளக்கிறது. செடி வரிசைக்குள் குனிந்து போகும்போது வேகம் பாதியாகிறது, மனசின் கடிகாரம் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. ‘இந்நேரம் வந்திருக்கணுமே’ என்று தோன்றும் இடத்தில் ஒரு மடிப்பும் இருந்துவிட்டால், அதுதான் என்று நின்றுவிடுகிறோம்.

இதற்கு அடி எண்ணுவதுதான் மருந்து. வீட்டுப் பக்கத்து மைதானத்தில் 100 மீட்டர் அளந்து, இடது கால் மட்டும் எத்தனை தரம் தரையில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சமதளத்தில் ஓடும்போது 40 வந்தால் ஏற்றத்திலும் செடிக்குள்ளும் 60ஐத் தாண்டும். இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யுங்கள். மடிப்பையும் வாய்விட்டு எண்ணுங்கள்: ஒன்று, ரெண்டு, மூணு. சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனை உண்டு. ஓடைக்கால் எந்தப் பக்கம் பார்த்து இறங்குகிறது என்று காம்பஸை வையுங்கள். இந்தச் சரிவில் இரண்டாவது மடிப்பு நேர் தெற்கே இறங்குகிறது, மூன்றாவது தென்கிழக்கே. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த இரண்டும் ஊசிக்கு முன்னால் வேறு வேறு.

தொலைந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? நிற்க வேண்டும். காலை நிறுத்துவதுதான் கஷ்டம், பக்கத்தில் ஒருவர் சரசரவென்று ஓடும்போது இன்னும் கஷ்டம். அவர் வேறு கோர்ஸில், வேறு கொடிகளைத் தேடி ஓடுபவராக இருக்கலாம், பின்னால் ஓடாதீர்கள். மேப்பை வடக்குப் பார்த்துத் திருப்புங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். அங்கிருந்து எத்தனை நிமிஷம், எந்தத் திசை என்று யோசித்தாலே இருக்கக்கூடிய இடம் ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குள் பெரிய உருவம் எது என்று பாருங்கள்: பாறை முகடு, எஸ்டேட் ரோடு, தண்ணீர்த் தொட்டி. சின்னக் கல்லை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள், மலையில் கல்லுக்கா பஞ்சம்? ஒரு நிமிஷம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் திரும்பிப் போய், நிச்சயமான இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டு நிமிஷம் போகும். அங்கேயே சுற்றினால் பத்து நிமிஷம் போகும்.

அதைவிட முக்கியம் அடுத்த கன்ட்ரோல். மூன்றில் விட்ட நேரத்தை நாலில் பிடிக்கிறேன் என்று பாய்ந்தவர்கள் அங்கே மறுபடி விட்டார்கள். ஒரு தவறுக்குப் பிறகு முதல் 100 மீட்டரை நடந்தே போங்கள், மேப்பில் அடுத்த கன்ட்ரோல் வரைக்குமான வழியை முழுக்கப் படித்துவிட்டு ஓடத் தொடங்குங்கள்.

வழி தேர்வு செய்ய ஒரு கணக்கு போதும்: ஏறுகிற ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சமதளத்தில் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே முகட்டைத் தாண்டி நேர்க்கோட்டில் 400 மீட்டர், 12 காண்டூர், அதாவது 60 மீட்டர் ஏற்றம். மொத்தம் 1000க்குச் சமம். ரோட்டைப் பிடித்துச் சுற்றினால் 650 மீட்டர், இரண்டே காண்டூர், 750தான். நேராக ஏறியவர் மூச்சு வாங்கி நிற்கும்போது சுற்றிப் போனவர் கொடியை பஞ்ச் செய்துகொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அந்த நேரத்தில் கொடியை நேராகக் குறி வைக்காதீர்கள். ஓடையும் ரோடும் சேரும் இடத்தில் கொடி என்றால், வேண்டுமென்றே 5 டிகிரி இடது பக்கம் தள்ளிப் போங்கள். 400 மீட்டரில் 35 மீட்டர் விலகும். ரோடு வந்ததும் வலது பக்கம் திரும்பினால் போதும். நேராகக் குறி வைத்துப் போய்க் கொடி தெரியாவிட்டால் இடதா வலதா என்பதே தெரியாது.

பஞ்சிங் கருவி ஒன்று எட்டாவதில் செத்துக் கிடந்தது. பீப் சத்தமும் வெளிச்சமும் வராவிட்டால் அப்படியே ஓடிவிடாதீர்கள். கம்பத்தில் தொங்கும், ஊசியால் துளையிடும் பஞ்ச் கருவியை எடுத்து மேப் ஓரத்து ரிசர்வ் கட்டத்தில் குத்துங்கள், ஃபினிஷில் காட்டுங்கள். கொடியின் எண்ணையும் கையில் உள்ள விவரச்சீட்டோடு ஒப்பிடுங்கள். எண்கள் 31இலிருந்துதான் தொடங்கும், வரிசை எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தவறான கொடியை பஞ்ச் செய்து, சரியானதைத் தொடாமலே போனால் முழு ஓட்டமும் செல்லாது. மேப்ரன் போன்ற போன் ஆப்பில் நடக்கும் போட்டி என்றால் பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். திரை அணைந்ததும் ஆப்பை போன் கொன்றுவிடும், தொட்ட கன்ட்ரோல் எதுவும் பதிவாகாது.

மற்றவை சுருக்கமாக. மழைக்காலத்தில் அட்டை உண்டு, சாக்ஸில் உப்பு அல்லது புகையிலைத் தண்ணீர். முழுக்கால் பேன்ட் கட்டாயம். காட்டுமாடு தெரிந்தால் ஓடாதீர்கள், பார்வையை எடுக்காமல் பின்வாங்குங்கள். விசில் கழுத்தில் இருக்கட்டும், ஆபத்து என்றால் ஆறு ஊதல், ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. அடிபட்ட ஆளைப் பார்த்தால் உங்கள் ஓட்டம் அங்கே முடிந்தது, உதவிதான் விதி. பாதியில் விட்டாலும் ஃபினிஷில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பனிக்குள் உங்களைத் தேடி ஆள் போவார்கள்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சூடாகக் கிடைக்கும், ஆனால் பசியை சேலத்துக்கு மிச்சம் வையுங்கள். தட்டுவடை செட்! மொறுமொறுவென்ற சின்னத் தட்டுவடை ஒன்று, மேலே பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், சிவப்புச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடை. தட்டில் வைத்த அரை நிமிஷத்துக்குள் வாயில் போட வேண்டும், ஊறினால் மொறுமொறுப்பு போய்விடும். ஜீப்காரர் கேட்ட காசில் ஒரு கூட்டமே வயிறு நிறையச் சாப்பிடலாம்.

சாப்பிட்டுக் கையைத் துடைத்த பிறகு மேப்பை விரித்து, உண்மையில் போன வழியை சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். அன்றைக்கே செய்ய வேண்டும், மறுநாள் காலை வரை ஞாபகம் நிற்காது. மூன்றாவது வட்டத்துக்கு முன்னால் கோடு முடிச்சு விழுந்திருந்தால், எத்தனையாவது அடியில் எண்ணிக்கை விட்டுப்போனது என்று அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.