எம்டன் என்று திட்டினால் யாரைத் திட்டுகிறோம்?

எங்கள் அம்மா வாயில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எம்டன் வந்துவிடும். மைலோ டின்னை அலமாரி உச்சியில் ஒளித்து வைத்தாலும் நாற்காலி போட்டு ஏறி, சத்தமில்லாமல் மூடியைத் திறந்து, ரெண்டு கரண்டி வாயில் கொட்டிக்கொண்டு, டின்னைப் பழையபடியே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கார்ட்டூன் பார்க்கிற என் மகனைத்தான் அப்படிச் சொல்வார். உதட்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் பொடிதான் காட்டிக் கொடுக்கும். "பயலா இது, எம்டன்!" போன வாரம் அவன் திருப்பிக் கேட்டுவிட்டான்: "எம்டன்னா யாரு அப்பாயி?" அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, "யாரோ வெள்ளைக்காரன்டா, பெரிய கேடி" என்றார்.

பாதி சரி. எம்டன் ஆள் இல்லை, கப்பல். ஜெர்மன் போர்க்கப்பல்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே சென்னைக் கதை வரும். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை வாக்கில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு அரை மணி நேரத்தில் இருட்டில் மறைந்த கதை. ஐந்து பேராவது செத்தார்கள், ஊரே மூட்டை முடிச்சோடு ரயிலேறியது, உயர் நீதிமன்றச் சுவரில் இன்னும் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கிலியில்தான் எம்டன் என்பது தமிழில் ஒரு சொல்லாகிவிட்டது என்பார்கள். மலையாளத்தில் எமண்டன் என்றால் பிரம்மாண்டம், சிங்களத்திலும் தந்திரக்காரனை எம்டன் என்பதுண்டு. எல்லாம் சரி, எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. சென்னையைச் சுட்ட முப்பத்தாறாவது நாள் அதே கப்பல் மலேசியாவில் இருக்கும் எங்கள் பினாங்குக்கு வந்தது, சென்னையில் போனதைவிடப் பல மடங்கு உயிர் இங்கே போனது, ஆனால் சொல் மட்டும் சென்னைக் கணக்கில். பினாங்குக்காரர்களுக்கே தெரியாது. நானே முப்பது வயது தாண்டித்தான் தெரிந்துகொண்டேன்.

நடுவில் இருந்த அந்த முப்பத்தாறு நாளில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அக்டோபர் 9 அன்று எம்டன், அடியில் படிந்த பாசியைச் சுரண்டவும் கரி ஏற்றவும் டியேகோ கார்சியா தீவில் நின்றது. அது பிரிட்டிஷ் தீவு. ஆனால் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதமாகியும் அந்தச் சேதியே அங்கே போய்ச் சேரவில்லை! ஜெர்மன்காரர்களும் மூச்சு விடவில்லை. தீவில் பழுதாகிக் கிடந்த மோட்டார் படகைச் சரி செய்து கொடுத்துவிட்டு, நல்ல பெயரோடு கிளம்பிப் போனார்கள். அதற்கு முன்னால் வங்கக் கடலில் பிடித்த இண்டஸ் என்ற கப்பலில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்ததாம், எம்டனில் சோப்பு தீர்ந்துபோயிருந்த நேரம் பார்த்து. கபிங்கா என்ற கப்பலில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல், பிடிபட்ட மற்றக் கப்பல்காரர்களை அதில் ஏற்றி விட்டுவிட்டார்கள். அம்மா சொல்கிற கேடிக்கு இந்தக் குணமும் இருந்தது.

இனி பினாங்கு. 1914 அக்டோபர் 28, புதன்கிழமை, இன்னும் சரியாக விடியவில்லை. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிதான். மரச்சட்டத்தில் கித்தான் துணியைக் கட்டி நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி நிறுத்தியிருந்தார்கள், ஏனென்றால் பிரிட்டிஷாரின் யார்மத் கப்பலுக்கு நாலு. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நம்ம கப்பல்தான் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே வந்த பிறகுதான் ஜெர்மன் கொடி ஏறியது. இன்று பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஓடுகிற அதே நீரிணையில் ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. சில நூறு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு டார்பிடோ, கூடவே பீரங்கி. எம்டன் திரும்பி வந்து இன்னொரு டார்பிடோ விட்டதும் ஜெம்சுக் வெடித்துப் பிளந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கிட்டத்தட்ட 90 பேர் சாவு, காயம் பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். 1905இல் ஜப்பானியரிடம் ரஷ்யக் கடற்படையே நொறுங்கிப்போன சுஷிமா சண்டையில் தப்பிப் பிழைத்த கப்பல் அது. அங்கே தப்பியது, பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகர வாசலில் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கப்பலின் கேப்டன், பாரன் என்ற பிரபுப் பட்டம் கொண்ட செர்காசோவ், அப்போது எங்கே? கரையில், ஈ அண்ட் ஓ ஹோட்டலில் என்பார்கள். இன்றும் கடலோரம் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதே ஹோட்டல்தான். போர்க்காலத்தில் கப்பலைக் காவலில்லாமல் விட்டுவிட்டுக் கரையில் படுத்தவரை ராணுவ நீதிமன்றம் மூன்றரை வருடத் தண்டனை கொடுத்து, பதவி, பட்டம் எல்லாவற்றையும் பிடுங்கியது. ஜார் மன்னர் பிறகு அவரைச் சாதாரண வீரராகப் போர்முனைக்கு அனுப்பினார். கல்யாண சீசனில் அந்த ஹோட்டலில் பசியாறக் கூப்பிட்டால் நான் போகிறேன்தான், ஆனால் கடல் பக்கம் உட்காரும்போதெல்லாம் இந்த ஆள் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

வெளியே போகும் வழியில் எம்டன் கிளென்டரட் என்ற சரக்குக் கப்பலை மறித்தது. அதைப் பிடித்துக்கொள்வதற்குள் பிரெஞ்சுப் போர்க்கப்பல் மூஸ்கே எதிரே வந்துவிடவே, எம்டன் கேப்டன் ஃபான் முல்லர் அந்தச் சரக்குக் கப்பலை விட்டுவிட்டார், விடும்போது ஒரு சேதியும் சொல்லி அனுப்பினார்: ஜெம்சுக் ஆட்களைத் தண்ணீரிலிருந்து தூக்க முடியாததற்கு வருந்துகிறோம் என்று. மன்னிப்புக் கேட்ட கையோடு மூஸ்கேயை மூழ்கடித்தார்! ஆனால் இந்தத் தடவை நின்று, 36 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். பிறகு ஒரு பிரிட்டிஷ் கப்பலை மறித்து, அவர்களை அதில் ஏற்றி சுமத்ராவின் சபாங் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள்.

சபாங் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1943 ஏப்ரலில் பினாங்கிலிருந்து கிளம்பிய ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29, மடகாஸ்கருக்கு அருகே நடுக்கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு மே மாதம் சபாங்கில் இறக்கியது. அவர்தான் நேதாஜி. எம்டன்காரர்கள் ஒரே ஒரு விடியற்காலை வந்துபோன பினாங்கில் அவர்கள் நாட்டு நீர்மூழ்கிகள் அதே 1943இல் தளமே போட்டுவிட்டன என்பதும் கிளைக்கதை.

நேதாஜி என்றதும் எங்கள் மாமா ஒருவர் குடும்ப வாட்ஸ்அப்பில் வருடா வருடம் அனுப்பும் செய்தியும் வந்துவிடும்: எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், சென்னையைச் சுட வைத்ததே அவர்தான் என்று. இல்லை மாமா. அந்த மாதம் அவர் ஸ்விட்சர்லாந்தில், சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். ஜெய்ஹிந்த் என்று சொல்லிக்கொண்டு கப்பலில் அவர் வந்தார் என்பதெல்லாம் நம் ஆசை. போன தடவை இதைக் குழுவில் எழுதினேன், மாமா கட்டை விரல் கூடப் போடவில்லை.

எம்டன் கதை பினாங்குக்குப் பிறகு பன்னிரண்டே நாளில் முடிந்தது. நவம்பர் 9, கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அடித்து நொறுக்கியது. உடைந்த எம்டனில் கிடைத்த மெக்சிக்கோ வெள்ளிக் காசுகளில் ஆயிரம் வரை எடுத்து, மேலே கிரீடம் வைத்து, பதக்கமாக்கிவிட்டார்கள் ஆஸ்திரேலியர்கள். ஜெர்மனியிலோ பிழைத்து வந்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள உரிமை கொடுத்தார்கள். அங்கே குலப்பெயர், இங்கே வசவு.

சரி, ரஷ்யர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? வெஸ்டர்ன் ரோடு கிறிஸ்தவக் கல்லறையில் ஒரு நினைவுக் கல். ஜாலான் உத்தாமா என்று இப்போது பெயர். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் சடக்கு அதுதான், வருடா வருடம் நான் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஜெரஜாக் தீவிலும் இந்த மாலுமிகளின் கல்லறை உண்டு. எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது, நோய் உண்டா என்று பார்க்க முதலில் இறக்கிப் பூட்டிவைத்த அதே தீவு.

ஞாயிற்றுக்கிழமை மகனையும் அம்மாவையும் காடியில் ஏற்றிக்கொண்டு வெஸ்டர்ன் ரோடு போனேன். முந்தின நாள் மழையில் புல் ஊறிக் கிடந்தது, அம்மா சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார். மகன் ரஷ்ய எழுத்தை விரலால் தடவி, ஆர் ஏன் திரும்பி நிற்கிறது என்று கேட்டான். ஜெம்சுக் என்றால் ரஷ்ய மொழியில் முத்து என்று சொன்னேன். அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சின்னப் பையனுங்களாத்தான் இருந்திருப்பானுங்க, என்ன?" என்றார். பிறகு மகன் பக்கத்துச் சமாதி மேல் ஏறப் போனதைப் பார்த்துவிட்டு, "டேய் எம்டன், எறங்கு!"