அறுநூறு கிராம் எங்க போச்சு?

கொக்குவிலில வீட்டோட சேத்து வறுத்த மிளகாய்த்தூள் போடுறம், நானும் மச்சாளும். போன மாதம் ஒவ்வொரு தடவையும் நிறுத்துப் பாத்தன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்து 10 கிலோ போட்டா 9.4 கிலோதான் கைக்கு வருது. வறுக்கேக்க போற ஈரத்துக்கும் காம்புக்கும் ஒண்டும் செய்யேலாது. காம்பு வாழையடிக்குப் போகுது. ஆனா அரைக்கிற மெசினுக்குள்ள ஒட்டிக்கிடக்கிறது மட்டும் 150 கிராம்! தூரிகையால தட்டி எடுக்க அரை மணித்தியாலம் போகுது. அந்தக் கூலியைக் கழிச்சாலும் லாபம்தான், செய்யிறம்.

உண்மையான நட்டம் வேற இடத்தில. மலிவெண்டு 5000 பக்கற் அச்சடிச்சன், விலையும் போட்டு. செத்தல் விலை ஏறினதோட 3000க்கு மேல மூலையில கிடக்கு. டொயோட்டா கார் கொம்பனியின்ர உற்பத்தி முறையை உருவாக்கின தாய்ச்சி ஓனோ எண்டவர் சொன்ன ஏழு வகை வீண்களில தேவைக்கு மிஞ்சிச் செய்யிறதுதான் மோசமானதாம். மச்சாளுக்கு அவரைத் தெரியாது. அண்டைக்கே சொன்னவ, “500 காணுமடி” எண்டு. இப்ப ஒவ்வொரு பக்கற்றிலயும் புது விலை ஸ்டிக்கர் ஒட்டுறா, என்னோட கதைக்காமல்.